பிள்ளையின் பல்வரிசை

தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று நம் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெரியோர் கூறுவதுண்டு. அதிர்ஷ்டம் இருக்கட்டும், அதன் இடுக்கில் சோறு தங்கிச் சொத்தை விழுவதை எவர் கவனிக்கின்றார்?

7, 8 வயதில் முளைக்கும் மேல் முன்பற்களுக்கிடையே சந்து தோன்றினால் அஞ்ச வேண்டா. 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறம் அமைதல், வாயை மூடினாலும் முன்பற்கள் பொருந்தாமை, வாயால் மூச்சுவிடுதல், 5 வயதுக்கு மேலும் விரல் சூப்புதல் ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தலாகாது. 'விழப்போகும் பல்தானே' என்று சொத்தையான பாற்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடுகின்றோம். பின்னிருக்கும் நிலைப்பல் முன்னகர்ந்து, அடியில் வரவேண்டிய பல்லுக்கு இடமின்றிப் போகின்றது.

எத்துப்பல் உள்ள பிள்ளை தடுக்கி விழுந்தால் முதலில் உடைவது அப்பல்லே. பள்ளியிலோ 'பல்லி' என்னும் பட்டப்பெயர். அதற்கு நாணி வாயைப் பொத்தியே சிரிக்கும் சிறுமியர் உளர்.

7 வயதில் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நலம். கம்பி போடுதல் செல்வர்க்கே உரியதன்று. 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித்துறை உண்டு. செங்கற்பட்டில் மின்சார ரயிலேறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடந்தே செல்லலாம். ஓரிரு ஆண்டுகள், ஏறத்தாழ மாதந்தோறும் போய்வர நேரும். அதற்கு முன்கூட்டியே மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்க.