18,700 டிகிரியிலும் உருகாத தங்கம்... சூட்டை அளந்தது எப்படி?

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் மண்ணுக்கு என்றால், கரிவலம் பால்வண்ணநாதர் கோயில் நெருப்புக்கு. நெருப்புக்கே கோயில் கட்டிய ஊர்ப்பக்கம்தான். ஆனாலும் அதன் சூட்டை அளக்க நெடுங்காலம் கண்ணைத்தான் நம்பினோம்.

நகைப்பட்டறையில் ஆசாரி வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? மூசைக்குள் இருக்கும் தங்கத்தின் நிறத்தைப் பார்த்தே, 'பதம் வந்துடுச்சு' என்பார். தங்கம் உருகுவது 1,064 டிகிரி செல்சியஸில். அவருக்கு அந்த எண் தேவையில்லை, கண் போதும்.

அதே தங்கத்தைச் சக்திவாய்ந்த லேசரால் தாக்கினால்? அங்கே கண்ணும் உதவாது, கருவியும் உதவாது. காய்ச்சல் பார்ப்பதற்கே தெர்மாமீட்டரை ஒரு நிமிஷமாவது நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். லேசர் உண்டாக்கும் அந்தச் சூடான பொருளோ ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்தில் சிதறிவிடும். எதை எங்கே வைப்பது?

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி மாதிரி தொடாமலே பார்க்க முடியாதா? அதிலும் சிக்கல். லேசர் பட்டதும் முதலில் சூடாவது எலெக்ட்ரான்கள்தான். கனமான அணுக்கருக்கள் கொஞ்சம் பின்தங்கித்தான் சூடாகும். ஒரே பொருளுக்குள் இரண்டு வெப்பநிலை! வெளிவரும் ஒளியை வைத்து அணுக்களின் சூட்டைச் சொன்னால் கணக்கு தப்பிவிடும். அதனால் இத்தகைய பொருளின் அடர்த்தியையும் அழுத்தத்தையும் ஓரளவு நன்றாகவே அளந்த விஞ்ஞானிகள், வெப்பநிலையை மட்டும் கணினி மாதிரிகளை வைத்து ஊகித்து வந்தார்கள்.

இதை மாற்றியது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்லாக் ஆய்வகத்தில் நடந்த சோதனை. நெவாடா பல்கலைக்கழகத்தின் டாம் ஒயிட், ஸ்லாக்கின் பாப் நாக்லர் உள்ளிட்டவர்களின் குழு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உழைத்து இந்த முறையை உருவாக்கியது. 2025 ஜூலையில் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வெளியாயின.

அவர்கள் எடுத்துக்கொண்டது 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கத் தகடு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் 45 ஃபெம்டோ நொடி மட்டும் லேசர் பாய்ச்சினார்கள். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடித் துண்டுகளாக வெட்டி, அதில் 45 துண்டை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு நேரம். உடனே பின்னாலேயே எக்ஸ் கதிரை அனுப்பினார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சாலையோரம் நிற்கும்போது ஹாரன் அடித்தபடி பஸ் நெருங்கினால் சத்தம் கீச்சென்று ஏறும். கடந்து போனதும் தணியும். வேகம் கூடக்கூட அந்த வித்தியாசமும் கூடும். அதிரும் தங்க அணுக்களில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிருக்கும் இதுதான் நடக்கிறது. எதிரே வரும் அணுவில் பட்டால் அதிர்வெண் சற்று கூடும், விலகிப்போகும் அணுவில் பட்டால் சற்று குறையும். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு விரிகிறது என்று பார்த்தால் அணுக்களின் வேகம் தெரிந்துவிடும். சூடு என்பதே அணுக்களின் ஆட்டம்தானே! வேகம் தெரிந்தால் வெப்பநிலையும் தெரிந்துவிடும்.

கிடைத்த விடை சுமார் 18,700 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் குழுவைத் திகைக்க வைத்தது அந்த எண் அல்ல. அவ்வளவு சூட்டிலும் தங்கம் உருகவில்லை! இரண்டு பிகோ நொடிக்கும் மேல் திடப்பொருளாகவே நின்றது.

இதுபோன்ற கூத்து நம் சமையலறையிலும் நடப்பதுண்டு. மைக்ரோவேவில் வைத்த தண்ணீர் சில சமயம் கொதிநிலையைத் தாண்டியும் சும்மா கிடக்கும். ஸ்பூனைப் போட்டதும் பொங்கி கையைச் சுட்டுவிடும். (வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள்!) திடப்பொருளை இப்படி மிகைச்சூடாக்குவதற்கு, கெல்வின் கணக்கில் உருகுநிலையைப் போல மூன்று மடங்குதான் எல்லை என்பது 1988-ல் வந்த கணிப்பு. இந்தத் தங்கம் போனது 14 மடங்கு. விரிவதற்கே நேரம் தராமல் சூடேற்றியதால் அந்த எல்லை குறுக்கே வரவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். இயற்பியல் விதி எதுவும் உடையவில்லை.

தொலைவில் இருந்தே சூடு அறியும் கலை இந்தியாவுக்குப் புதிதல்ல. ஒரு வாயுவில் எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழந்திருக்கும் என்பதை வெப்பநிலையோடு இணைக்கும் சமன்பாட்டை 1920-ல் தந்தவர் மேகநாத் சாகா. நட்சத்திர ஒளியை வைத்தே அதன் சூட்டைச் சொல்ல வழி பிறந்தது அதனால்தான். இன்று மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி.ரவீந்திர குமார் குழு, தீவிர லேசரால் திடப்பொருளைத் தாக்கிப் பிறக்கும் பிளாஸ்மாவையும் அதன் அசுர காந்தப்புலங்களையும் ஆராய்கிறது. இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்திலும் இத்தகைய லேசர்கள் உண்டு.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். அணுக்கரு இணைவு மூலம் மின்சாரம் எடுக்கும் முயற்சியில், எரிபொருள் உருண்டையை லேசரால் நசுக்குகிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய பற்றவைப்பு ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைக் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். அந்த உருண்டை நசுங்கும்போது எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்பது இதுவரை பெரும்பாலும் ஊகம். இனி அதையும் அளந்தே சொல்ல முடியும் என்பது ஒயிட், நாக்லர் குழுவின் எதிர்பார்ப்பு. வியாழன் போன்ற கோள்களின் வயிற்றுக்குள் இருக்கும் நிலையை ஆய்வகத்தில் உண்டாக்கி, அதன் சூட்டைப் பார்ப்பதும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது.