இருள்வினை இருட்டுல நடக்காது பாஸ்!

பிளஸ் டூ தாவரவியல் ஞாபகம் இருக்கா? 'ஒளிவினை பகல்ல, இருள்வினை ராத்திரியில' என்று எழுதி மார்க்கைக் கோட்டை விட்டவர்கள் கை தூக்கலாம். தப்பு நம்ம மேல மட்டும் இல்லீங்க... பேரே அப்படி!

கார்பன் டை ஆக்ஸைடை சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சிக்குத்தான் இந்தப் பட்டப்பெயர். மெல்வின் கால்வினுக்கு 1961ல் நோபல் பரிசு வாங்கித் தந்த அதே சுழற்சி. வெளிச்சம் நேரடியாகத் தேவையில்லை என்பதால் 'இருள்' ஒட்டிக்கொண்டது. நிஜத்தில் இருட்டினதும் இந்தக் கடை ஷட்டரை இறக்கிவிடும்.

சரி, பொழுது சாய்ந்தது இலைக்கு எப்படித் தெரியும்?

பசுங்கணிகத்துக்குள் ஒரு சாவி இருக்கு. பேர், தயோரெடாக்ஸின். வெயில் பட்டதும் பச்சையத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள், ஃபெரிடாக்ஸின் வழியாகக் கைமாறி இதனிடம் வரும். சுழற்சியின் முக்கியமான சில நொதிகளில் இரண்டு கந்தக அணுக்கள் கைகோர்த்துப் பூட்டு போட்டிருக்கும். தயோரெடாக்ஸின் அந்தப் பிடியை விடுவிக்கும். வேலை ஸ்டார்ட்! வெளிச்சம் போனால் எலக்ட்ரான் சப்ளை கட். கந்தகங்கள் மறுபடி கைகோர்க்க, நொதிகள் தூங்கிவிடும். அமெரிக்காவின் பெர்க்லியில் பாப் புக்கானன் குழுவினர் 1960, 70களில் இதைப் படிப்படியாகக் கண்டுபிடித்தார்கள்.

ரூபிஸ்கோ நொதிக்குத் தனி ஏற்பாடு. பீன்ஸ் மாதிரி சில செடிகளில், ராத்திரியானால் சர்க்கரை போலவே இருக்கும் ஒரு பொருள் வந்து அதன் வாயை அடைத்துக்கொள்ளும். விடிந்ததும் ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் அதை வெளியே தள்ளும்.

எதுக்கு இவ்வளவு கட்டுப்பாடு? ராத்திரி செலவுக்கு செடி, சேர்த்து வைத்த சர்க்கரையை உடைக்கும். ஒரு கை சர்க்கரை செய்ய, இன்னொரு கை உடைத்தால் சக்திதான் வீண். அதனால் அதே தயோரெடாக்ஸின், பகலில் ஒரு முக்கியமான உடைக்கும் நொதியைப் பூட்டியும் வைக்கிறது. ஒரே சாவி, ரெண்டு வேலை!

சப்பாத்திக்கள்ளி ராத்திரியில் கார்பன் டை ஆக்ஸைடை வாங்கி வைக்குமே என்கிறீர்களா? வாங்குவதுதான் ராத்திரி; சர்க்கரையாக்குவது விடிந்த பிறகே.

இது வெறும் பரீட்சை சமாசாரம் இல்லை. நொதிகள் முழுசாக விழிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வயலில் மேல் இலையின் நிழல் விலகி வெயில் படும்போதெல்லாம் கீழ் இலைக்கு இதே தாமதம். இதனால் கோதுமை உற்பத்தித் திறனில் 21 சதவீதம் போகலாம் என்று இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் கணக்கிட்டார்கள். ரூபிஸ்கோவை சீக்கிரம் எழுப்ப வழி கிடைத்தால், அது நம்ம சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும்.

அடுத்த முறை வைவாவில் 'இருள்வினை எப்போ நடக்கும்?' என்று கேட்டால், தைரியமா சொல்லுங்க... 'பகல்லதான் சார்!'