பேச்சிலிருந்து கட்டுரைக்கு

பேச வல்லார் யாவரும் எழுத வல்லார் ஆகிவிடுவதில்லை. பேசுவோன் பொருளைக் கையாற் சுட்டலாம். கேட்போன் முகம் நோக்கி, விளங்காததை மீண்டும் கூறலாம். எழுதுவோனுக்கு இவ்வசதி இல்லை. படிப்போன் உள்ளத்தில் எழக்கூடிய வினாக்களை அவனே முன்னுணர்ந்து விடை தரல் வேண்டும். விளக்கக் கட்டுரையின் அருமை இதுவே.

ஹட்டன், நுவரெலியா முதலிய பகுதிகளின் தோட்டப்புற மாணவர் இதனைப் பயில்வதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. லயத்திலுள்ள முதியோரின் உரையாடலைக் கைத்தொலைபேசியில் பதிந்து, அதனைக் கட்டுரையாக்குவதே அது.

மாணவன் ஒருவன் கவ்வாத்துப் பற்றி முதியவர் ஒருவரை வினவுவதாகக் கொள்வோம். “சும்மா விட்டா மரமாப் போயிரும் தம்பி, கொழுந்து கைக்கு எட்டாது. ஆனா கடும் வெயில்ல வெட்டக்கூடாது, செடி பட்டுப்போகும்” என்கிறார் அவர். மாணவன் இதனை ஒரு சொல்லும் மாற்றாது எழுதிக்கொள்கிறான். இனித்தான் அவன் வேலை தொடங்குகிறது. கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாழ வெட்டுதல் என்று அயலார்க்கு முதலில் உணர்த்த வேண்டும். அடுத்து, வெயிலில் வெட்டலாகாது என்பதற்குக் காரணம் தேட வேண்டும். 1925 இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலேயே உள்ளது. அதன் வெளியீடுகளை நாடலாம். வெட்டுண்ட செடி வேரிற் சேர்ந்த மாச்சத்தைக் கொண்டே மீண்டும் தளிர்க்கிறது. அச்சத்துக் குறைந்திருக்க, வறட்சியும் சேருமாயின் செடி மாளும். முதியவரின் அனுபவமும் நூலறிவும் இங்கே சந்திக்கின்றன, கட்டுரையும் உருப்பெறுகிறது.

இனி, எழுதியது பலர் கண்ணிற் பட வேண்டும். 2003 இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா இதற்கு ஏற்ற களம். அதனை வளர்த்தோருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். அங்கே ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம், “சான்று எங்கே?” எனக் கேட்கலாம். ஒவ்வொரு திருத்தமும் பதிவில் நிற்பதால், தன் வாக்கியம் ஏன் மாறிற்று என்பதை மாணவன் ஒப்பிட்டுக் கற்கிறான்.

எனினும், வெளியிடப்பட்ட சான்றில்லாத செய்தியைக் கலைக்களஞ்சியம் ஏற்பதில்லை. ஆகவே முதியவரின் வாய்மொழிக்கு உரிய இடம் ஆவணகமே. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் பேணி வருகிறது. பேசியவரின் இசைவு பெற்ற பின்னரே பதிவை அங்கு சேர்ப்பித்தல் முறை.

வாய்மொழியைத் தேடித் தொகுத்தல் மலையகத்துக்குப் புதிதன்று. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்து, 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். பாடல்கள் ஓரளவு பிழைத்தன. ஆனால் கவ்வாத்துக் கத்தி பிடித்தோரின் தொழிலறிவும், 1948 இல் குடியுரிமை இழந்ததையும் 1964 உடன்படிக்கைக்குப் பின் உறவுகள் கடல் கடந்து பிரிந்ததையும் நேரிற் கண்டோரின் நினைவுகளும் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அவர்களோ முதுமையின் எல்லையில் நிற்கின்றனர்.

ஆதலின், தவணைக்கு ஒரு முதியவர், ஒரு தொழில், ஒரு கட்டுரை என ஒவ்வொரு வகுப்பும் தொடங்கலாம். மாணவர் எழுதப் பழகுவர்; அவர்தம் மக்களின் வரலாறும் அவர்கள் கையாலேயே எழுதப்படும்.