அத்தையின் கால்

மேட்டுப்பாளையம் என்றதும் மலை ரயில் புறப்படும் ஊரை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம், தொழிற்பேட்டை இருக்கும் இடம். 1983-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். வந்த அன்றே என் கண்ணில் பட்டது அத்தையின் வலது கால்தான். புடவையை இழுத்து இழுத்து விட்டு மறைக்கப் பார்த்தார்கள். மறைகிற அளவா அது? பெண் பார்க்க வந்தபோது மாமியார் மட்டும் ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

யானைக்கால் கதையா என்று முகம் சுளிக்காதீர்கள் சகோதரிகளே. அன்று முகம் சுளித்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் என் மகள் பிறந்தாள். குழந்தையை அத்தையின் மடியில் போட எனக்கு மனம் வரவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். "பால் கொடுக்கணும் அத்தை", "தூக்கம் வந்துடுச்சு அத்தை" என்று தினமும் ஒரு சாக்கு. அவர்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை. தள்ளி உட்கார்ந்து தூளிக் கயிற்றை மட்டும் ஆட்டிவிடுவார்கள்.

ராத்திரியில் வந்த ரத்தப் பரிசோதனை

அந்த நாளில் இரவு எட்டு மணிக்கு மேல், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சுகாதாரத் துறை ஆட்கள் வருவார்கள். "பகல்ல வரக்கூடாதா?" என்று அலுத்துக்கொள்வேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. இந்த நோயைத் தருவது நூல் போன்ற ஒரு புழு. உடம்பில் கழிவு நீரை வடித்துச் செல்லும் நிணநீர்க் குழாய்களில் அது ஆறேழு வருஷம் குடியிருந்து, லட்சக்கணக்கில் குஞ்சு போடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகள் பகலில் உள்ளே பதுங்கிவிட்டு, இரவில்தான் ரத்தத்தில் உலாவ வரும். அந்த நேரத்தில் கடிக்கிற க்யூலெக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சிக்கொண்டு போய் அடுத்தவர் உடம்பில் சேர்த்துவிடும்.

ஆக, தொட்டால் வராது, மடியில் படுத்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. கொசு கடித்தால்தான் வரும். அதுவும் ஒரு கடியில் இல்லை, மாதக் கணக்கில் பல முறை கடிபட்டால்தான். பெரும்பாலும் சிறு வயதிலேயே புழு உள்ளே போய்விடுகிறது. கால் வீங்குவது பல வருஷம் கழித்து. நான் அத்தையிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறச் சாக்கடையிடமிருந்து காப்பாற்றவில்லை!

நம்ம ஊர் செய்த காரியம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ல் புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் வழியைக் கண்டறிவதுதான் அதன் வேலை. இன்று அது இந்திரா நகரில் இருக்கிறது. பி.கே. ராஜகோபாலன் அதன் இயக்குநராக இருந்தபோது, 1981 முதல் 1985 வரை, மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல் கொசு முட்டையிடும் இடத்தையே ஒழிக்கும் திட்டம் இந்த நகரத்தில் நடந்தது.

யானைக்கால் கொசுவுக்குப் பிடித்தது அழுக்குத் தண்ணீர்: தேங்கிய சாக்கடை, கக்கூஸ் குழி, மூடாத செப்டிக் டேங்க். குழிக்குள் தெர்மோகோல் மணிகளைக் கொட்டினால் அவை தண்ணீர்மேல் போர்வை போல மிதந்து, கொசுப் புழுவை மூச்சுவிட விடாமல் செய்துவிடும். பின்னாளில் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாத்திரையோடு இந்த மணிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் கொடுத்த கிராமங்களைவிட, இரண்டும் சேர்ந்த கிராமங்களில் பலன் நீடித்து நின்றது.

வாங்கி வைத்த மாத்திரை

2004-ல் நாடு முழுக்க, இந்த நோய் உள்ள பகுதிகளில் வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். "அப்புறம் சாப்பிடறேன்" என்று வாங்கி அலமாரியில் வைத்தேன். மறுநாள் குப்பையில் போட்டேன்.

அடுத்த முறை வந்த நர்ஸம்மா விடவில்லை.

"காலு வீங்கினவங்களுக்குக் கொடுங்க. எனக்கு எதுக்கு?" என்றேன்.

"வீங்காதவங்களுக்குத்தாம்மா முக்கியமா இது! உன் ரத்தத்துல குஞ்சு இருந்தா உனக்கே தெரியாது. உன்னைக் கடிச்ச கொசு நாளைக்கு உன் பேரப் பிள்ளையைக் கடிக்கும்."

சாப்பிட்ட பிறகு அவர் கண்ணெதிரிலேயே விழுங்கினேன். சிலருக்கு லேசான காய்ச்சலோ தலைசுற்றலோ வரலாம், உள்ளே குஞ்சுகள் சாவதால் வருவது, பயப்பட வேண்டாம் என்றார். கர்ப்பிணிகளுக்கும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கடுமையான நோயில் படுத்திருப்பவர்களுக்கும் கொடுப்பதில்லை.

போகும்போது உள்ளே எட்டிப் பார்த்தார். "பெரியம்மா காலை யாரு கழுவி விடறா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

கால் கழுவும் முறை

அன்று அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். வீங்கிய கால் உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

• தினமும் சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போட்டு முழங்காலிலிருந்து கீழே கழுவ வேண்டும். வெந்நீர் வேண்டாம். மடிப்புகளுக்குள்ளும் விரலிடுக்கிலும் விரல் விட்டுக் கழுவுங்கள்.

• மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். விரலிடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது.

• புண், வெடிப்பு, சேற்றுப்புண் இருந்தால் டாக்டரிடம் காட்டிக் களிம்பு வாங்குங்கள். அந்த வழியாகத்தான் கிருமி நுழைந்து குளிர் காய்ச்சலும் நெறிகட்டும் வருகின்றன.

• உட்காரும்போது காலை முக்காலிமேல் வைக்கவும். படுக்கும்போது தலையணைமேல். கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் அசைக்கவும். காய்ச்சல் நாளில் மட்டும் பயிற்சி வேண்டாம். ஈரத்துணி போட்டு டாக்டரிடம் போகவும்.

• வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பச்சிலைப் பற்று, கீறி விடுவது கூடவே கூடாது.

முதல் நாள் செம்பும் சோப்புமாகப் போய் உட்கார்ந்தேன். அத்தை காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். "வேணாம்மா... நீ போய் இதைத் தொடறதா?" என்றார்கள். இருபத்தோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள், அன்றுதான் அந்தக் காலை முதல் முறையாகத் தொட்டேன். எனக்குப் பேச்சே வரவில்லை.

கால் பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் மாதம் தவறாமல் அத்தையைப் படுக்கையில் தள்ளிய காய்ச்சல் வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நடந்தே போனார்கள். இதற்கு ஆன செலவு? ஒரு சோப்புக் கட்டி!

ஏழைகளின் நோய்

2000-ல் உலகத்தில் சுமார் 12 கோடிப் பேருக்கு இந்தப் புழு இருந்தது. அவர்களில் சுமார் 4 கோடிப் பேர் உடல் உருமாறித் தவித்தார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சாக்கடையோரத்தில் வாழ்பவர்கள்தான் பெரும்பாலும். முக்கியமான மருந்து 1947-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. விலையும் மிகக் குறைவு. ஆளைக் கொல்லாத நோய், ஏழைக்கு வருகிற நோய் என்பதால் உலகம் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. 2000-ல்தான் உலக சுகாதார நிறுவனம் முழு மூச்சாக இறங்கியது. இலங்கை 2016-லும் வங்காளதேசம் 2023-லும் இதை ஒழித்துக் காட்டிவிட்டன. நம் நாடு 2027-ஐக் குறியாக வைத்திருக்கிறது. மாத்திரையை வாங்கி அலமாரியில் வைக்கும் என்னைப் போன்றவர்கள் திருந்தினால் முடியும்.

2008-ல் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த அன்றே கொண்டுபோய் அத்தையின் மடியில் போட்டேன். அவர்கள் குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். அடுத்த வருஷம் போய்விட்டார்கள்.

இன்றைக்கே ஒரு நடை கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். செப்டிக் டேங்க் மூடி விரிசல் இல்லாமல் இருக்கிறதா? காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டியிருக்கிறதா? குழந்தை வலைக்குள் தூங்குகிறதா? அப்படியே, உங்கள் தெருவில் புடவையை இழுத்து விட்டுக் காலை மறைத்துக்கொள்ளும் யாராவது இருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒட்டிக்கொள்ளாது.