வௌவாலின் ரத்தம் சொல்லும் பழைய கதை

குகை வாசலில் அந்தி சாய்வதற்கு முன்பே வலையைக் கட்டிவிட வேண்டும். மயிரிழை போன்ற நைலான் நூல். இருட்டில் கண்ணுக்கே தெரியாது. சிக்கிய வௌவாலைக் கையுறை போட்ட விரல்கள் நூல் நூலாக விடுவித்துத் துணிப்பையில் இடும். பிறகு சிறகை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் சவ்வுக்குள் ரத்தக்குழாய் ஓடுவது தெரியும். அங்கேதான் ஊசி. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தம் எடுக்காமல் ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். நூறு கிராம்கூடத் தேறாத பிராணியிடம் அது ஒரு மில்லிக்கும் குறைவு. தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவல்.

இப்படித்தான் 2020 மார்ச்சில் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தார் மகாபலேஷ்வர் குகை ஒன்றில் வௌவால் மாதிரிகள் எடுத்தார்கள். புனேக்காரர்கள் விடுமுறைக்கு ஸ்ட்ராபெரி தின்னப் போகும் அதே மலை. 2021இல் முடிவு வெளிவந்தது: குகையில் வாழும் பழந்தின்னி வௌவால்களில் நிபா வைரஸின் மரபுப்பொருளும் இருந்தது, அதற்கெதிரான ஆன்டிபாடியும் இருந்தது. அதுவரை மகாராஷ்டிரத்தில் மனிதர் எவருக்கும் நிபா வந்ததாகப் பதிவில்லை.

மரபுப்பொருளும் ஆன்டிபாடியும் வேறு வேறு செய்தி சொல்பவை. மரபுப்பொருள் கிடைத்தால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது. ஆன்டிபாடி கிடைத்தால் எப்போதோ வந்து போயிருக்கிறது; போன மாதமா, போன வருடமா என்று அது சொல்லாது. குட்டிக்குத் தாயிடமிருந்தும் வந்திருக்கலாம். உறவுக்கார வைரஸ் ஒன்றுக்காக உருவான ஆன்டிபாடி நிபா சோதனையிலும் நிறம் காட்டிவிடக்கூடும். இன்னொரு சிக்கல், மனித ரத்தத்துக்கென்று கடையில் கிடைக்கும் எலைசா ஆன்டிபாடிச் சோதனைக் கிட் வௌவாலுக்கு அப்படியே உதவாது. அதனால் பல பாலூட்டிகளின் ஆன்டிபாடியிலும் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாப் புரதங்களைப் பயன்படுத்துகிறார்கள். சந்தேகத்தைத் தீர்க்க உயிருள்ள வைரஸோடு ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் கலந்து, வைரஸ் செல்லைத் தாக்காமல் சீரம் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிபாவை வைத்து அதைச் செய்ய உச்சப் பாதுகாப்பு ஆய்வகம், பி.எஸ்.எல்-4, தேவை. புனேயின் பாஷாணில் தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு ஒன்று இருக்கிறது.

2018இல் கேரளத்தில் நிபாவால் 17 உயிர்கள் போனபின் 52 பழந்தின்னி வௌவால்களைச் சோதித்தார்கள். பத்தில் வைரஸ் இருந்தது. அங்கே சாவு முந்திக்கொண்டது, சோதனை பின்னால் போனது. மகாபலேஷ்வரில் வரிசை மாறியது. இந்த வேலையின் மதிப்பே அதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்படிச் செய்தி வந்ததும் மரத்தை வெட்டு, வௌவாலை விரட்டு என்று குரல் எழுவது எனக்கு வேதனை தருகிறது. ஆன்டிபாடி இருக்கும் வௌவால் குற்றவாளி அல்ல, வைரஸோடு பிழைத்துக் கிடக்கும் உயிர். பதற்றத்தில் கலைந்து ஊர்ஊராகச் சிதறினால் நமக்கே ஆபத்து. இலுப்பை விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதும் இதே வௌவால்தான். ஆனாலும் 2022 வனவிலங்குச் சட்டத்திருத்தம் வரை, ஓரிரு இனம் தவிர, பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில்தான் நாம் வைத்திருந்தோம்.

சோதித்து மீந்த சீரத்தைக் கொட்டிவிடுவதில்லை. மைனஸ் 80 டிகிரிக் குளிரில், விரல் நீளக் குப்பியில், இடமும் தேதியும் எழுதிப் பூட்டி வைப்பார்கள். நாளை பெயரே தெரியாத வைரஸ் ஒன்று வந்தால், இது அந்தக் குகையில் ஏற்கெனவே இருந்ததா என்று அந்தக் குப்பியைத் திறந்து கேட்கலாம்.