ஊர் மாறவில்லை, நாடு மாறியது

பிரான்ஸில் ரயில்கள் நம் நாட்டைப் போலவே இடப்பக்கத் தடத்தில் ஓடுகின்றன. கிழக்கே அல்சாஸ் பகுதிக்குள் நுழைந்தால் வலப்பக்கம்! டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தாறு வருடம் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவனுக்கு இதைக் கண்டும் காணாமல் இருக்க முடியுமா?

விடை சரித்திரத்தில் இருக்கிறது. 1871-இல் போரில் வென்று இப்பகுதியை எடுத்துக்கொண்ட ஜெர்மனி, தன் வழக்கப்படி ரயிலை வலப்பக்கம் ஓட்டியது. 1918-இல் பிரான்ஸ் திரும்பப் பெற்றபோது, அத்தனை சிக்னல்களையும் நிலையங்களையும் யார் மாற்றுவது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். பழைய எல்லைக்கருகே ஒரு தடம் மற்றொன்றின் மேல் பாலமேறிப் பக்கம் மாறுகிறது.

நானும் என் மனைவியும் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து அரைமணி ரயில் பயணத்தில் உள்ள கோல்மாரில் ஐந்து நாள் தங்கினோம். வோஜ் மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிடுவதால் மலையடிவாரம் முழுக்க வெயில், ஆகவே திராட்சை. 1953-இல் வகுக்கப்பட்ட 'ஒயின் பாதை' சுமார் 170 கிலோமீட்டர் நீளம். நாங்கள் ஒயின் தொடாதவர்கள். திராட்சை ரசத்தோடு சரி. அதனால் ரசனைக்குக் குறைவொன்றுமில்லை.

கோல்மாரில் 1537-ஆம் ஆண்டு கட்டிய ஃபிஸ்டர் மாளிகையின் சுவரோவியங்கள் கண்ணைப் பறிக்கின்றன. நியூயார்க் சுதந்திர தேவி சிலையைப் படைத்த பர்தோல்தி 1834-இல் பிறந்தது இவ்வூரில்தான். பக்கத்திலுள்ள எகிஸைமில் தெருக்கள் வட்டத்துக்குள் வட்டமாக அமைந்திருக்கின்றன. நேரே நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ரீக்வீரில் 1291-இல் எழுப்பிய டோல்டர் கோபுர வாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

மரச்சட்டங்களை இணைத்து, இடைவெளியில் களிமண்ணும் வைக்கோலும் நிரப்பிய வீடுகள். முளையடித்துப் பொருத்திய சட்டங்களில் குறிகள் வெட்டியிருப்பதால், கழற்றி வேறிடத்தில் மறுபடி நிறுத்தலாம். அப்படிக் கொண்டுவந்த பழைய வீடுகளாலேயே உங்கர்ஸைமில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் அமைத்து, 1984-இல் திறந்திருக்கிறார்கள்.

ரீக்வீர் போரில் பெரும்பாலும் தப்பியது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பென்வீர் 1944 டிசம்பரில் தரைமட்டமாயிற்று. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. முதல் ஊரின் அழகுக்கு உண்மையான விலை இரண்டாவது ஊரில் புரியும்.

1870-இல் இங்கே பிறந்த ஒருவர் 1945 வரை வாழ்ந்திருந்தால், வீட்டு வாசலைத் தாண்டாமலே நான்கு முறை நாடு மாறியிருப்பார். 1940-இல் ஹிட்லரின் ஆட்சி பிரெஞ்சு மொழிக்குத் தடை விதித்தது. 1942 முதல் அல்சாஸ், மோசெல் பகுதிகளிலிருந்து சுமார் 1,30,000 பேரைக் கட்டாயமாக ஜெர்மன் படையில் சேர்த்தது. போர் முடிந்தபின் நிலைமை தலைகீழ். ஜெர்மானியச் சாயலுள்ள அல்சாஸ் மொழியைப் பள்ளியில் பேசிய பிள்ளைகளுக்குத் திட்டு விழுந்தது.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள் அப்படித் திட்டு வாங்கியவர். வயது எண்பதுக்கு மேல். அவர் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னதை இருவரும் கூடிப் புரிந்துகொண்டோம். "என் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டு வேண்டாம் என்று வீட்டில் பிரெஞ்சு மட்டுமே பேசினேன். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். என் அம்மாவோடு மட்டும் அவர்களால் பேச முடியாமல் போயிற்று" என்றார். என் மனைவி பதில் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபோனில் எங்கள் பேரன் இந்தியில் பேச, இவள் தமிழில் பதில் சொல்வது எங்கள் வீட்டு நடப்பு. உங்களில் பலருக்கும் இது புதிதல்ல.

இப்போது தெருப்பலகைகளில் பிரெஞ்சோடு அல்சாஸ் பெயரும் எழுதியிருக்கிறார்கள். அம்மாளின் கொள்ளுப்பேரன் புதன்கிழமை பள்ளி விடுமுறையில் வந்து, ஒவ்வொரு தெருப்பெயருக்கும் அர்த்தம் கேட்கிறானாம். அவன் பிரெஞ்சில் கேட்கிறான். இவர் தம் மொழியில் சொல்கிறார். வாரத்துக்கு ஒரு தெரு என்று கணக்காம்.

போகிறவர்கள் செப்டம்பரில் போங்கள், அறுவடைக் காலம். தெருவெல்லாம் உருளைக்கல் பாவியது, ஆகவே நல்ல ஷூ அவசியம். தெருப்பலகைகளில் இரண்டாவது வரியையும் படிக்கத் தவறாதீர்கள்.