கடை வாடகை பாக்கியா? நோட்டீசைத் திருப்பி அனுப்பாதீர்கள்!

வியாபாரம் மந்தம். கடை வாடகை இரண்டு மாதம் நின்றுவிட்டது. ஒருநாள் தபால்காரர் ஒரு உறையை நீட்டி, கையெழுத்துக் கேட்கிறார். அனுப்பியவர் யார் என்று பார்த்தால், வக்கீல்!

“வாங்காதீங்க அண்ணாச்சி, திருப்பி அனுப்பிடுங்க!” என்பார் பக்கத்துக் கடைக்காரர்.

இதைவிடக் கெட்ட யோசனை வேறு இல்லை. சரியான விலாசத்துக்கு வந்த நோட்டீசை வாங்க மறுத்தால், அது கிடைத்துவிட்டதாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கெடு எத்தனை நாள்? முன்பு தமிழ்நாட்டில் இருந்த 1960-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், குடியிருப்பவர் வேண்டுமென்றே பாக்கி வைத்தாரா என்பதுதான் கேள்வி. 1973-ல் அதற்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் ஆகியும் பணம் வராவிட்டால், அது வேண்டுமென்றே செய்ததுதான். சரி, நோட்டீசே கொடுக்காவிட்டால்? இந்தச் சண்டை சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. அப்படியானால் அந்தந்த வழக்கின் நிலைமையைப் பார்த்து கோர்ட்டே முடிவு செய்யலாம் என்று சுந்தரம் பிள்ளை வழக்கில் 1985-ல் தீர்ப்பாயிற்று.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்துவிட்டது. பழைய ஞாபகத்தில் 2 மாதம் தவணை உண்டு என்று இருந்தால் கடை போய்விடும்! 2 மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கிடைத்த 1 மாதத்துக்குள் வட்டியுடன் முழுவதும் கட்டாவிட்டால், காலி செய்யச் சொல்லி வாடகை கோர்ட்டில் மனுப் போடலாம். வீட்டுக்கும் இதுதான், கடைக்கும் இதுதான்.

கட்டிடச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டெலிபோனில் பத்துத் தடவை கேட்டது நோட்டீஸ் ஆகாது. எழுத்தில், கையெழுத்துடன் இருக்கவேண்டும். தபாலில் அனுப்பலாம்; நேரில் கொடுக்கலாம்; அது முடியாதபோது, கட்டிடத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். நோட்டீஸ் கொடுத்தாயிற்றே என்று கடைக்குத் தம் பூட்டைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த உரிமை அவர்களுக்குக் கிடையாது. கோர்ட்டு உத்தரவு வேண்டும்.

சில சொந்தக்காரர்கள் வேறு தந்திரம் செய்வார்கள். வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். பாக்கி ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். அப்போது பணத்தைத் தபால் மூலமோ பாங்கு மூலமோ 2 மாதம் தொடர்ந்து அனுப்பி, அத்தாட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும். அப்படியும் வாங்காவிட்டால், வாடகை அதிகாரியிடம் கட்டிவிடலாம்.